முப்பது நாள் பொறுக்கச் சொன்னேன்

டீ வேண்டாங்க சார். ரெண்டாவது டீ குடிச்சா எனக்கு நெஞ்சு கரிக்கும். நீங்க குடிங்க, ஆறிடப் போகுது.

என் வேலை என்னன்னு சொல்லிட்டா மிச்சம் சுலபமாப் புரியும். சர்வருக்குப் புரோகிராம் எழுதுறேன். 'இவ்வளவு நேரம் கழிச்சு இதைச் செய்', 'இவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை இதையே செய்'. இந்த ரெண்டு உத்தரவுதான் என் பொழைப்பு. ஆபீஸ்ல என்னை அலாரம்னுதான் கூப்பிடுவாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்க கையில எங்க கம்பெனி வாட்ச் கட்டியிருக்கும். மணிக்கு ஒருதடவை அது 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்கும். பட்டனை அமுக்கிட்டா சரி. அமுக்கலைன்னா பத்து நிமிஷம் பொறுத்து, பக்கத்துல இருக்கிற நர்சுக்குப் போன் அடிக்கும். வந்து பார்த்தாச்சுன்னு அவங்க பதியிற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை அடிச்சுக்கிட்டே இருக்கும்.

அண்ணன் கையிலயும் ஒண்ணு கட்டியிருந்தேன். அண்ணன் நல்ல மனுஷன், அதையும் எழுதிக்குங்க. அப்பா போனப்புறம் தன் படிப்பை நிறுத்திட்டு என்னைப் படிக்க வெச்சவர். ஒன்பது வருஷம் முன்னாடி அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துடுச்சு. மாசம் ஒருதடவை வலிப்பு வரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு வாயைத் துடைச்சுவிட்டா போதும், தெளிஞ்சிடுவார். குளிப்பாட்டுறது, துடைக்கிறது, திருப்பிப் போடுறது எல்லாம் நான்தான். என் மனைவி அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சண்டையெல்லாம் இல்லை. நான் தனியா ஆனதும் சொல்லியனுப்பச் சொன்னா, வர்றேன்னா.

எனக்கு அலுத்துப் போச்சு சார். வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்லை.

விஷம், தலையணைன்னெல்லாம் நான் யோசிச்சதே கிடையாது. அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அண்ணனோட வாட்சுக்கு மட்டும் அந்தப் பத்து நிமிஷத்தை முப்பது நாளா மாத்தினேன். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

அங்கேதான் கோட்டை விட்டேன். 'இவ்வளவு நேரம் கழிச்சு'ங்கிற அந்த உத்தரவு இருபத்தஞ்சு நாளுக்குள்ளதான் தாங்கும். அதுக்கு மேல போட்டா கணக்குல அடங்காம, 'உடனே செய்'னு எடுத்துக்கும். இந்தத் தப்பைப் பண்ணாதீங்கன்னு ஆபீஸ் சுவர்ல எழுதி ஒட்டினதே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து ரூம்ல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். கட்டில் ஆடுற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்துல மணி மூணு, வாட்ச் கேட்டது, பதில் இல்லை. நாலே நிமிஷத்துல நர்ஸ் வாசல்ல நின்னா. மூச்சிரைக்க ஓடி வந்திருந்தா, ஒரு கால்ல செருப்பு இல்லை.

"அண்ணன் இப்பதான் கண்ணசந்தார்மா. மெஷின் தப்பா அடிச்சிடுச்சு"ன்னேன்.

"ஒருதடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிடுறேனே சார்."

"எழுதினவனே சொல்றேன். போம்மா."

நம்பிட்டா. எழுதினவனே சொன்னா நம்பத்தானே செய்வாங்க. தெருமுனை தாண்டுறதுக்குள்ள போன் பண்ணி, மறுபடியும் அடிக்குதுன்னு சொன்னா. லேப்டாப்பைத் திறந்து, அது திரும்பத் திரும்ப அடிக்கிறதை ரத்து பண்ணினேன். உள்ளே சத்தம் நிக்க இன்னும் பதினோரு நிமிஷம் ஆச்சு. நடுவுல 'தம்பி'ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்தது. வலிப்புல பேச்சு வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால நான் எழுந்து போகலை.

அந்த நர்ஸ் இன்னும் அழுதுக்கிட்டிருக்கான்னு சொன்னீங்க. பாவம். அவ மேல எந்தத் தப்பும் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முப்பதுக்குப் பதிலா இருபதுன்னு போட்டிருந்தா அந்தப் பொண்ணு வந்திருக்கவே மாட்டா, நானும் பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது. பொய் மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் அண்ணன் என்னை வளர்த்தார். அவர் பேச்சை நான் மீறினது அந்த ஒரே ஒரு தடவைதான் சார்.