சிதறாத தேங்காய்

ஹெலன்ஸ்பர்க் கோயில் கன்ரீனில் தோசை வரிசையில் எனக்கு முன்னால் நடுவயது நண்பர்கள் இருவர் நின்றார்கள். உயரமானவர் சொன்னார்:

"பத்து வருசம் பேஸ்போல் எறிஞ்சு சம்பளம் வாங்கினனான், மச்சான். இண்டைக்குச் சிதறுதேங்காய் கல்லில படேல்லை. பற்றைக்குள்ள போயிட்டுது."

"தோள் நோவோ?"

"ரிட்டயர் பண்ணேக்க அப்பிடித்தான் சொன்னனான். உண்மையில ஒரு பந்தும் நேராப் போகேல்லை, அதுதான் என்னை நிப்பாட்டினவங்கள்."

"தேங்காய் போனதை ஆரும் பாத்தவையோ?"

"அம்மா. ஒரு மேட்ச்சுக்கும் வராத மனுசி. நான் எறிஞ்சதை இண்டைக்குத்தான் முதன்முதலாப் பாத்தவ."

"என்ன சொன்னவ?"

உயரமானவர் தோசைத் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"என்ர கையில இருந்த மற்றத் தேங்காயைப் பறிச்சுத் தானே எறிஞ்சா. சுக்குநூறு. பிறகு ஆறுதலாக் கேட்டா, 'இதுக்கோ மோனை உனக்குச் சம்பளம் தந்தவங்கள்?'"