நாலு மணிக்கு மேல

— செவ்வாய், வியாழன், வெள்ளி மூணு நாளும் நீங்களும் யோகாஸ்தாவும் ஒரே நேரத்துல வேலை பாத்ததா பதிவாயிருக்கு, ஃபியோர் அம்மா. அதான் ரெண்டு பேர் சம்பளமும் நின்னுபோச்சு.

— நான் வேலை பாத்தேன், ஒடாலிஸ். அவ சும்மா நின்னா. அதையும் பதிவு பண்ணிக்கோங்க.

— அம்மா, நாலு மணியோட உன் நேரம் முடியுது. அதுக்கு மேல என்னப் பாத்துக்கறது யோகாஸ்தா. நாலானா வேலை முடிஞ்சதுன்னு நீ போன்ல பட்டன அமுக்கணும்.

— பட்டன அமுக்கினா நான் உனக்கு அம்மா இல்லன்னு ஆயிடுமாடா? நம்ம பிராங்க்ஸ்ல ஒழுங்கா லிஃப்ட் ஓடுற கட்டடம் எது? சின்னதுல இவன நாலு மாடி முதுகுல சுமந்தவ நான், கேட்டுக்கோங்க ஒடாலிஸ். முப்பத்தொரு வருஷம்! அவ வந்து எட்டு மாசம்.

— விடும்மா. ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும். சென்ட் பூசிக்கிட்டு வர்றா, கேட்டுக்கோங்க. சக்கர நாற்காலில இருக்கறவன குளிப்பாட்ட வர்றவளுக்குச் சென்ட் எதுக்கு?

— அதெல்லாம் எங்க கையில இல்லைங்க. அரசாங்கம் பணம் தருது, நாங்க சம்பளமும் காகிதமும் பாத்துக்கறோம். யார வேலைக்கு வைக்கணும், யார நிறுத்தணும்னு உங்க பையன் எலிசெயோதான் முடிவு பண்ணணும். அவர்தான் முதலாளி, சரிங்களா?

— அப்ப முதலாளியே சொல்லட்டும். நானா, அவளா?

— அதச் சொல்லத்தான்மா உன்னையும் கூட்டிட்டு வந்தேன். ஒடாலிஸ் அக்கா, யோகாஸ்தா பேர எடுத்துடுங்க. அவ மணி நேரத்தையும் அம்மாவுக்கே குடுத்துடுங்க.

— என்ன சொன்ன? திரும்பச் சொல்லு.

— எல்லாம் உனக்குத்தான்மா.

— என் ராசா! இப்பவாவது கண்ணத் திறந்தியே! உனக்கென்ன தெரியும் நான் பட்ட பாடு? உள்ள நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க. நான் அடுப்படியில வெந்த பீன்ஸையே கிளறிக்கிட்டு நிப்பேன். வயிறு பத்தி எரியும்டா. எங்கிட்ட என்னைக்காவது அப்படிச் சிரிச்சிருக்கியா?

— சிரிச்சிருக்கேன்மா.

— இல்ல. எங்கிட்ட "மெதுவாத் தூக்கு, முதுகு வலிக்குது"ன்னுதான் சொல்லுவ. அந்தச் சிரிப்பு எங்கிட்ட வந்ததே இல்ல. அவமேல எனக்குப் பொறாமைதான். ஆமா, சொல்றதுக்கு என்ன வெக்கம்?

— எலிசெயோ, நிறுத்துறதுக்கு ஒரு காரணம் வேணும்.

— நான் சொல்றேன், எழுதிக்கோங்க. வாழைக்காய் மசியல்ல ஒரே கட்டி. சலாமி கறிய வறுக்கறேன்னு கருக்கிடுவா. ஷேவ் பண்ணி விட்டு கன்னத்தக் கிழிச்சா.

— ஒரே ஒரு தடவைம்மா.

— பாரு, இன்னும் அவள விட்டுக்குடுக்க மனசு வரல!

— காரணத்த முந்தாநேத்தே அக்காவுக்கு அனுப்பிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடும்மா. வீட்டுக்குப் போய் எல்லாம் சொல்றேன்.

— பேனா குடுங்க. இதோ, போட்டாச்சு. இன்னிக்கு சாயங்காலமே அவகிட்ட நானே சொல்றேன். மூஞ்சி போற போக்கப் பாக்கணும் எனக்கு.

— அம்மா, என்னை ஆசீர்வாதம் பண்ணேன்.

— இங்கயேவா? கடவுள் உனக்கு எல்லா நல்லதும் குடுக்கட்டும். என்னடா, கையெல்லாம் இப்படி வேர்க்குது?

— ஒண்ணுமில்லம்மா. பண்ணிட்டேல்ல? இனிமே திருப்பி எடுக்கக் கூடாது. வா, போலாம்.

— இருங்க, ஒரு நிமிஷம் சரிபாத்துடறேன். கல்யாணச் சான்றிதழ் வந்துடுச்சு. பொண்டாட்டிக்கு இந்தத் திட்டத்துல சம்பளம் கிடையாதுங்கறதால யோகாஸ்தா பேர எடுத்தாச்சு. ஃபியோர் அம்மா, உங்களுக்கு வேலை பாக்குற விலாசம் மாறுது, சரிங்களா? திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு அவங்க புது வீட்டு வாசல்ல நின்னு போன்ல வருகையப் போட்டுட்டு மணி அடிங்க, உங்க மருமக வந்து கதவத் திறப்பாங்க.