பொட்டாஷ் வந்து சேர்ந்த மாசம்

வரி, இறக்குமதின்னு பேசிப் பேசி உங்க முகமெல்லாம் வாடிப்போச்சு... இருங்க, ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மேல போறேன்.

தொட்டியம் பக்கம் பெரியண்ணன்னு ஒரு வாழை விவசாயி. குத்தகை நிலம். இந்தத் தடவை தார் நல்லா எறங்கினாத்தான் அடுத்த வருஷமும் அந்த மண்ணுல கால் வைக்க முடியும். தார் தள்ளற நேரத்துல வாழைக்கு என்ன வேணும்? பொட்டாஷ்! அது இல்லேன்னா காயும் பருக்காது, மரத்துக்கும் வலு இருக்காது.

உரக்கடைக்குப் போறார். கடைக்காரர் சிராஜுதீன் கையை விரிக்கிறார்.

"இல்லண்ணே. எங்கேயோ ஒரு நாட்டுல பக்கத்து நாட்டு உரத்துக்கு வரி போட்டுட்டாங்களாம்."

"அவன் வரிக்கும் என் வாழைக்கும் என்ன பாய் சம்பந்தம்?"

"வரியால பக்கத்து நாட்டுச் சரக்கு வெல ஏறிப்போச்சு. அதனால வரி போட்ட நாட்டு வியாபாரி, நமக்கு விக்கறவன்கிட்ட போய் அதிக வெல குடுத்து வாங்கிட்டான். நமக்கு வர வேண்டிய கப்பல் அங்க திரும்பிடுச்சு."

"அப்ப அந்தப் பக்கத்து நாட்டுச் சரக்கு சும்மாதானே கெடக்கும்? அது நமக்கு வராதா?"

"வரும்ணே. புதுசா வெல பேசணும், கப்பல் புடிக்கணும்... ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"வாழை காத்திருக்குமா பாய்? சரி... யூரியா இருக்குல்ல? அதையே ரெண்டு மூட்டை கூடப் போடுங்க."

"அண்ணே, அது வேற, இது வேற..."

"எல்லாம் உரம்தானே, போடுங்க!"

நம்மாளு செய்யற தப்பு இதுதாங்க. யூரியா போட்டா இலை கருகருன்னு பச்சை கட்டும். பச்சையைப் பார்த்தாலே நமக்கு வயிறு நெறைஞ்சுடும்! பெரியண்ணனும் தோட்டத்தைப் பார்த்துப் பூரிச்சுப் போனார்.

காத்து அடிச்சுது. பெரிய காத்துகூட இல்ல... மரம் பாதியில முறிஞ்சு, தாரோட சாயுது. அவர் சம்சாரம் காமாட்சி, முட்டுக் குடுக்கற கழியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்குது. "ஏங்க... இதுல எதுக்குங்க முட்டுக் குடுக்கறது?" நிலத்துக்காரர் வந்து பார்த்தார். திட்டல. குத்தகையை வேற ஆளுக்கு விட்டுட்டார்.

வரி போட்டவங்களுக்குப் பெரியண்ணன் மேல கோவமா? இல்லீங்க. அப்படி ஒருத்தர் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. அப்புறம் என்ன ஆச்சு? பொட்டாஷ் வந்துச்சு. வெலையும் எறங்குச்சு. கடை நெறைய மூட்டை. வாங்கிப் போடத்தான் பெரியண்ணனுக்கு நிலம் இல்ல!

அதனால சொல்றேன்... "உலகச் சந்தை தானா சரியாயிடும்"னு யாராவது மைக் புடிச்சுச் சொன்னா, நீங்க எழுந்து ஒண்ணே ஒண்ணு கேளுங்க. "எந்த மாசம்ங்க?"ன்னு கேளுங்க.