சைக்கிளுக்கும் ஹெல்மெட்டு

— சைக்கிள அங்கயே நிறுத்து செம்பகம். ஹெல்மெட்டு இல்லாம உள்ள வுட முடியாது.

— தேசப்பண்ணா, நேத்தும் இதான் சொன்ன. அப்பறம் வுட்ட இல்ல?

— நேத்து கேட்டுல நான் மட்டும் இருந்தேன். இன்னிக்கி சேப்டி ஆபீசரு மாடி ஜன்னலாண்ட டீ குடிச்சிக்கினு நிக்கிறாரு, பாரு.

— நிக்கட்டும். ஷிப்டுக்கு எட்டு நிமிசந்தான் கீது. பாக்கிங் செக்சன்ல நான் போயி நிக்கணும்.

— அதான் நானும் சொல்றேன். லேட்டானா ஆப்சென்ட்டு போட்டுடுவாங்க. கையெழுத்து போட்டு வாங்கினியே, அந்த ஹெல்மெட்டு இன்னா ஆச்சி?

— ஊட்டுல கீது. வெங்காயம் போட்டு வெச்சிகீறேன். ஓட்ட ஓட்டயா கீது, காத்து நல்லா போவுது.

— வெளாடாத.

— யாரு வெளாடறா? கவர்மெண்டு மோட்டார் வண்டிக்குத்தான ஹெல்மெட்டுன்னு சொல்லிகீது? அதுக்கே மெட்ராஸ்ல ஆளாளுக்கு சண்ட போட்டுக்கினு கீறாங்க. சைக்கிளுக்குன்னு எங்க சொன்னாங்க, சொல்லு.

— கவர்மெண்டு சொல்லல. கம்பெனி சொல்லுது. ரூல்சுன்னா ரூல்சு.

— எங்க ஊரு புதுவாயல்ல எல்லாம் என்ன பாத்து சிரிக்கிறாங்கண்ணா. டீக்கடைல ஒருத்தன், கிரிக்கெட்டு ஆடப் போறியான்றான். கொண்ட போட்டா மாட்டல. கொண்டய அவுத்தா நாலு தெரு தாண்டறதுக்குள்ள மயிரெல்லாம் வேர்வைல நனஞ்சிடுது. பேஜாரு.

— பொறு. ரோடு ஃபுல்லா போட்டுக்கினு வர வாணாம். இந்தா அந்த மொனையில மாட்டிக்கோ, உள்ள போனதும் கழட்டிடு. லோகு, ஜெபா எல்லாம் அப்டித்தான் பண்றாங்க. நான் கண்டுக்கறதில்ல.

— அப்போ வுழறவங்க ரோட்டுல வுழக் கூடாது. கேட்டாண்ட வந்துதான் வுழணும். இல்ல?

— ஏம்மா என்னப் போட்டு வாட்டற? எனக்கு மட்டும் இன்னா ஆசையா? இந்தா, என் ரூம்ல ஒண்ணு கீது. தலைல வெச்சிக்கினு போ. பொழுதன்னிக்கும் ஒன்னோட மல்லு கட்ட முடியல.

— வாணாம்.

— வெச்சிக்கினு போன்றேன்.

— கைய எடு. நான் அத்த போட மாட்டேன்.

— இன்னாத்துக்கு இவ்ளோ அடம்?

— எங்க ஊட்டுக்காரு செத்ததுக்கு கம்பெனி ஒரு பேப்பர் குடுத்துச்சே, பாத்தியா? நாலு மாசமா பீரோவுல கீது. பொண்ண வுட்டு படிக்கச் சொன்னேன். வரதன் தலைக்கவசம் போடாததால உயிர் போச்சின்னு ஒரே வரி. லாரிய பத்தி ஒரு எழுத்து இல்ல.

— தெரியும்மா.

— தெரிஞ்சிக்கினுதான் இத்த நீட்டறியா? அவரு வேலய எனக்குக் குடுத்தாங்க. அவரு ஓட்டின சைக்கிளத்தான் நான் ஓட்டறேன். அவரு போன ரோட்டுலதான் வரேன். இப்போ இத்தயும் தலைல மாட்டிக்கினேன்னு வெய்யி, ஆமாங்க, தப்பு எங்க ஊட்டுக்காரு மேலதாங்கன்னு நானே தெனமும் வந்து ஒத்துக்கற மாதிரி.

— அப்டி யாரும் நெனைக்க மாட்டாங்க.

— நான் நெனப்பேன். அண்ணா, நீதான அன்னிக்கி ஓடிப் போயி தூக்கின?

— ஆமா.

— இன்னிக்கி வரிக்கும் நான் ஒன்ன கேக்கல. இப்போ கேக்கறேன், மூஞ்சப் பாத்து சொல்லு. இத்த போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?

— ஷிப்டுக்கு நேரமாவுது செம்பகம்.

— ஆவட்டும். சொல்லு.

— நம்ம கம்பெனில லோடு ஏத்தறதுக்காக அந்த லாரி மத்தியானத்துல இருந்து ரோட்டு மேலயே நின்னுக்கினு இருந்துது. பின்னாடி லைட்டு இல்ல. கார்த்திக மாசம், ஆறரைக்கே இருட்டு. வரதன் நேரா அதுல போயி மோதி, மல்லாக்க வுழுந்தான். ஓரத்துல கல்லு.

— அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டதுக்கு சொல்லு.

— ஒடம்புல ஒரு கீறல் இல்லம்மா. சட்ட கூட கிழியல. பின்மண்ட ஒண்ணுதான்.

— அப்போ பொழச்சிருப்பாரு.

— பொழச்சிருக்கலாம். தெரில. பொய் சொல்ல எனக்கு வாய் வரல.

— அப்போ அவங்க எழுதினது நெஜம்.

— நெஜந்தான். ஆனா அத்த மட்டும் எழுதி வெச்சது நெஜமில்ல. ஒக்காரும்மா, தண்ணி குடி. அழுவாத, மாடில ஆபீசரு பாக்கறாரு.

— நான் அழுவல. எனக்கு வயிறு எரியுதுண்ணா. காருல வந்து எறங்கி மாடில நிக்கறவனுக்கு சைக்கிள்காரன் மண்டய பத்தி எங்கருந்து ரோசன வந்துது? இத்தன வருசமா வராதது? எவன் சொல்லிக் குடுத்தான்?

— நான்தான்.

— இன்னாது?

— நான்தாம்மா ஆபீசுக்கு எழுதிக் குடுத்தேன். வரதன் காரியம் முடிஞ்ச மறுநாளு. என் கையாலயே, ஒரு பக்கத்துக்கு.

— நீயா? அவரோட ஒரே டப்பால சோறு துன்னியே, நீயா?

— கேளு. மொதல்ல, லாரிங்கள ரோட்டுல நிறுத்தாத, உள்ள எடம் குடுன்னு எழுதினேன். அப்பறம், ஐவேஸ் ரோட்டுல இருந்து நம்ம கேட்டு வரிக்கும் லைட்டு போடுன்னு எழுதினேன். அதுக்குக் கீழ, ரெண்டு வருசம் முன்ன நிறுத்தின கம்பெனி பஸ்ஸ திரும்ப வுடுன்னு எழுதினேன். பேப்பர்ல அடில கொஞ்சூண்டு எடம் மீந்துது செம்பகம். வீணா போவுதேன்னு அதுலதான் ஹெல்மெட்டுன்னு போட்டேன்.