சத்தம் போன பேசும்படம்

— மெதுவா சிரி ஏஞ்சலின், கம்பெனி பஸ்ஸே நம்மளத் திரும்பிப் பாக்குது.

— ஐயோ ஏசப்பா, முடியல லோகு! உன் போன்ல ஓடுற இந்தப் பழைய படத்துல முகமூடிக்காரன் கத்தியத் தூக்கிக்கினு ஓடியாறான், பூந்தொட்டிகிட்ட வந்ததும் நின்னு பாடுறான்!

— தொட்டிக்குள்ளதான் மைக்க ஒளிச்சு வச்சிக்கீறாங்க. ரகசியம் பேசணும்னாலும் அங்கதான் வரணும், கொலை பண்ணணும்னாலும் அங்கதான் வரணும்.

— அவளப் பாரேன்! பொடவைய இழுத்துச் சொருவிக்கினு ரயில் மேல ஓடுறா. தொண்ணூறு வருசத்துக்கு முன்னாடி! எனக்கு ஜிவ்வுன்னு ஆவுது.

— இன்னா, திடீர்னு சத்தமே காணோம்?

— போன் நல்லாத்தான் கீது. படத்துலயே போச்சு. கீழ எழுதிக்கீறாங்க பாரு, இதுக்கு மேல ஒலி அழிஞ்சு போச்சாம்.

— மெய்யாலுமா? முகமூடிக்காரன் அவள மடக்குற நேரத்துலயா? பேஜாருப்பா!

— வுடு, நாமளே பேசுவோம். நீ முகமூடி, நான் அவ. "அடே கள்வா! நகைகளை எங்கே மறைத்தாய்?"

— "கடலில் எறிந்தேன், பெண்ணே! பழவேற்காட்டு இறால்களெல்லாம் அணிந்துகொண்டு திரிகின்றன!"

— ஹய்யோ, வயிறு வலிக்குது! பேசு, பேசு, மறுபடி வாயத் தொறக்குறான்.

— "ஞாயிறன்று உன்னைப் பெண் பார்க்க வருகிறார்களாமே?"

— லோகு... இது படத்துல இல்ல.

— வாய் அப்படித்தான் அசையுது.

— சரி. "ஆம், கள்வா! தந்தையார் சம்மதம் சொல்லப்போகிறார். ரெண்டு வருசமா பக்கத்து சீட்டுல குந்திக்கினு வர்றவன் வாயே தொறக்கலன்னா நான் இன்னா பண்ண?"

— "அவன் ஊட்ல பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கினு வேப்பஞ்சேலை கட்டுறாங்க. உன் ஊட்ல சர்ச்சு. அதான் பயந்துக்கினான்."

— "ஓடுற ரயில் மேல நிக்கிறியே, இதுக்காடா பயம்?"

— கவரப்பேட்ட வந்துடுச்சு, நீ எறங்கணும்.

— படம் முடியல. அவன் இன்னும் ஏதோ சொல்றான் பாரு.

— "பெண்ணே... என்னைக் கட்டிக்கிறியா?"

— கட்டிக்கிறேன்.

— ஐய, நல்லாப் பாரு ஏஞ்சலின். அவ மாட்டேன்னு தலைய ஆட்டுறா.

— அவ கெடக்குறா. கட்டிக்கிறேன்னு சொன்னது நானு.