நாலாஞ்சடங்கு முடியுமட்டும்

நீங்கள் வந்த அன்று ஒரு தேத்தண்ணீர்கூடத் தராமல் அனுப்பிவிட்டேன். வீட்டில் பால் முடிந்துபோயிருந்தது. குறை நினைக்கவேண்டாம், தங்கச்சி லக்சிகா. பொலிஸ் என்றாலும் நீங்கள் எங்கள் பிள்ளை. ஆறுதலாக இருந்து நடந்ததை எழுதித் தாருங்கள், தமிழென்றாலும் காரியமில்லை என்றீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் இராசமணி. வயது அறுபத்தொன்று. கணவர் தவறிய பிறகு ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலைசெய்து மகள் தனுசியாவைப் படிப்பித்தேன். மாமாங்கம் என் ஒரே தம்பி. அவனுடைய மனைவி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்குப் போன நாளிலிருந்து என் வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில்தான் இருந்தான். அவனுக்குச் சமைத்ததும், குளிசையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்ததும், கட்டிலைவிட்டு எழும்பாத நாட்களில் அவனுடைய மனேஜருக்குப் போன் எடுத்துப் பொய் சொன்னதும் நான்தான். ஆறு வருடம். பெருமைக்காகச் சொல்லவில்லை.

துவக்கு லைசன்ஸ் அவனுக்கு எதற்கு என்று கேட்டீர்கள். நல்லாயிருந்த காலத்தில் எடுத்தது. வேலையிடத்து வின்சன்ற்றோடு வருடத்துக்கு ஒருதரம் வடக்கே மான் வேட்டைக்குப் போவான். சொந்தமாகத் துவக்கு வாங்கவில்லை. கடையில் துவக்கு வாங்கக் காட்டுகிற கார்ட் மட்டும் பேர்ஸில் கிடந்தது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பகல் மேலே வந்தான். அந்தக் கார்டையும் ஒரு கடிதத்தையும் குசினி மேசையில் வைத்தான்.

"அக்கா, இதத் திருப்பி அனுப்பப்போறன். நேத்து துவக்குக் கடைக்குப் போய் நிண்டு விலையும் கேட்டுட்டன். எனக்கு என்னை நம்ப ஏலாமக் கிடக்கு."

தன்னுடைய லைசன்ஸை ரத்துச்செய்யும்படியும், இனி எப்போதாவது தானே வந்து கேட்டாலும் தரவேண்டாம் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். தனக்கு இருக்கிற வருத்தத்தின் பெயரும், பார்க்கிற டொக்டரின் பெயரும் அதில் இருந்தன.

"நீதான் அனுப்பவேணும். என்ர கையில இருந்தா நான் அனுப்பமாட்டன். மறுகா நான் வந்து கேட்டாலும் தந்திராத."

எங்கள் வீட்டுக் கடிதம், படிவம் எல்லாம் என் பொறுப்பு. ஓம் என்றேன்.

அந்தக் கிழமைதான் தனுசியாவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம், யாழ்ப்பாணத்து ஆட்கள். மாப்பிள்ளையின் தாய் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டா. "உங்கட பகுதியில விசர், பயித்தியம் எண்ட வருத்தம் ஒருத்தருக்கும் இல்லைத்தானே?" நானும் சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு, தம்பியின் வருத்தத்தை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கக் கந்தோர்க் கோப்பு வெளியே கதைக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் இங்கே பிறந்த பிள்ளை. எங்கள் ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினால் எங்கெங்கே போவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கடிதத்தையும் கார்டையும் என் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தேன். அனுப்பியாயிற்று என்று அவனிடம் சொன்னேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான். இரண்டாம்தரம் சோறு கேட்டான். பொய்யென்றாலும் அவனுக்கு அது நல்லதுதானே செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தின் பிரதி அவனுடைய அறையில் இருக்க, கார்ட் எப்படி அவனுடைய பொக்கற்றில் வந்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நோர்வேயிலிருந்து மச்சாள் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சீலை காட்ட வருவதாக இருந்தது. நான் வீடு கூட்டிக்கொண்டிருந்தேன். மாமாங்கம் படியேறி வந்தான். முகம் வழித்து, தலை இழுத்து, சேட்டுப் போட்டிருந்தான். அவனை அப்படிப் பார்த்துக் கனகாலம்.

"ஒபிசுக்குப் போன் எடுத்துக் கேட்டன். லைசன்ஸ் இன்னும் செல்லுமாம். ஏன் அனுப்பல்ல எண்டு கேக்க வரல்லகா. கார்டைத் தா."

நான் டொக்டருக்குப் போன் எடுத்திருக்கலாம். உங்கள் பொலிசுக்கு எடுத்திருக்கலாம். எடுத்தால் பொலிஸ் கார் வந்து வாசலில் நிற்கும், பின்னாலே கூறைத் தட்டோடு சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவார்கள். கார்ட் இல்லை, தொலைந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் வேறு வழி தேடுவான், அது கலியாணத்துக்கு முன்னாலே நடந்துவிடும் என்று பயந்தேன். எங்கள் மட்டக்களப்பில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. தாய்மாமன் செத்தால் கலியாணப் பொம்பிளைக்கும் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு நல்ல காரியம் ஒன்றும் செய்யேலாது. தள்ளிப்போன கலியாணம் பிறகு நடக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்குக் களைத்தும் போயிருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆறு வருடமாக ஒவ்வொரு விடியலும் பேஸ்மன்றில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு எழும்பியவள் நான்.

அலுமாரியைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"கலியாணம் முடியுமட்டும் பொறுப்பியா?"

கார்டைச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தான்.

"நாலாஞ்சடங்கும் சேத்தா அக்கா?"

"ஓம். அதுவும் முடியட்டும்."

"சரி," என்றான். தும்புத்தடியை என் கையிலிருந்து வாங்கி மிச்ச வீட்டை அவன்தான் கூட்டினான்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. தாலி கட்டுகிற நேரம் மாமன் தேங்காய் உடைக்கவேண்டும். ஒரே அடி, பாதி பாதியாகப் பிளந்தது. மாமாங்கம் எவ்வளவு தெளிவாயிருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒருவேளை மனம் மாறிவிட்டானோ என்றும் நினைத்தேன். கார்டைத் திருப்பித் தா என்று கேட்க வாய்வரை வந்தது. சபையில் வைத்து எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். திங்கள், செவ்வாய் சபை இருக்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

கலியாணத்தின் நாலாம் நாள், புதன்கிழமை மத்தியானம், நாலாஞ்சடங்குச் சாப்பாடு. எல்லோருக்கும் அவன்தான் பரிமாறினான். இரவு பிளேனுக்குப் போக இருந்த தனுசியாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, மூன்று மணிபோலக் காரை எடுத்தான். கடைக்குப் போனதும், வாங்கியதும், வின்சன்ற்றோடு போகிற காட்டுப் பக்கத்தில் அவனைக் கண்டெடுத்ததும் மறுநாள் நீங்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் செய்யவில்லை. புதுச் சம்பந்திகள் வந்துபோகிற வீடு என்று யோசித்திருக்கிறான்.

கொடுத்தது நான்தான். தெரிந்துதான் கொடுத்தேன். இதில் எங்கே கையெழுத்து வேண்டுமோ வைக்கிறேன்.

உடம்பை எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். தனுசியாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பிள்ளைகள் சந்தோசமாக இருக்கிற நேரம்; வருகிற வெள்ளிதான் திரும்புகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஞாயிறு ஒரு சின்னச் சாப்பாடும் வைத்திருக்கிறார்கள். அது முடியுமட்டும் தம்பியை அங்கேயே வைத்திருக்க முடியுமென்றால் பெரிய உதவி. அவன் பொறுப்பான்.