டின்னில் விளைந்த நெல்

பூதலூரில் ரயில் ஏறிய இருவர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். துபாயிலிருந்து திரும்பியிருந்த மூத்தவர், "அந்தப் பாலைவனத்துல நான் நெல்லு வெளைய வச்சேன்" என்றார்.

"தண்ணிக்கு என்னண்ணே பண்ணுனீங்க?"

"ஏசியிலேருந்து சொட்டுமே, அதுதான். எண்ணெ டின்னுல மண்ணப் போட்டு, ஊர்லேருந்து கொண்டுபோன விதைநெல்ல விதைச்சேன்."

"வீட்டுக்கார அரபி திட்டலயா?"

"தெனம் சோறு திங்கிற ஆளு, பயிரப் பாத்ததே இல்ல. கதிர் வந்ததும் விருந்தாளிங்களக் கூட்டியாந்து, 'இது இவனோட வயல்'னு காட்டுவாரு."

இளையவர் சிரித்தார். மூத்தவர் சன்னலுக்கு வெளியே ஓடிய வயல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இங்க எங்கப்பா காலத்துலேருந்து குத்தகைதான். குத்தகைக்காரன வெளியேத்தக் கூடாதுன்னு சட்டம் வருதுன்னு தெரிஞ்சதும் மிராசுதார் அதையும் பிடுங்கிட்டாரு. என் வயல்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டது அங்கதான்."